விருதைத் தைத்த கை

ஈழத்துப் பொப்பிசையின் கதை: அத்தியாயம் 14

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ9 நெடுஞ்சாலை, மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் கோபுரத்தைப் பின்னிட்டு வடக்கே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் சென்றதும், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் பெரும் பாறைகளுக்கிடையே குகைகளும் குறுகிய படிக்கட்டுகளும் கொண்டு விளங்கும் அலுவிகாரையை அடைகிறது. கி.மு. முதலாம் நூற்றாண்டிலே, வட்டகாமணி அபயன் எனப்படும் வலகம்பா மன்னன் காலத்தில், படையெடுப்பும் பஞ்சமும் நாட்டை அலைக்கழிக்க, திரிபிடகத்தை நெஞ்சிலே தாங்கியிருந்த பிக்குகள் ஒருவர்பின் ஒருவராக மடிவதைக் கண்டு, நாவையும் செவியையும் மாத்திரம் நம்பியிருக்கும் காலம் கழிந்துவிட்டதென்று உணர்ந்த 500 பிக்குகள் இங்கே கூடி, அவ்வறநூல் முழுவதையும் ஏட்டில் எழுதி வைத்தனர் என்பது பரம்பரையாக வழங்கிவரும் ஐதிகம். அவர்கள் எழுதியது உலகெங்கும் பரவிற்று. எழுதிய 500 பேரின் பெயர்களையோ எவரும் எழுதி வைக்கவில்லை. இத்தொடரின் இவ்வத்தியாயத்தை நான் இவ்வூரில் அமர்ந்து எழுத விரும்பியதற்கான காரணம், வாசகர் இறுதிவரை என்னுடன் வந்தால் தாமே விளங்கும்.

சென்ற அத்தியாயத்தில் ஏ.ஈ. மனோகரனைப் பற்றிப் பேசினோம். நிதி கனகரத்தினம் போன்றோர் தமிழில் பொப்பிசைக்கு வழி திறந்துவிட்ட காலத்தில், பைலாவின் துள்ளலைத் தமிழோடு கலந்து, ‘சுராங்கனி’ என்னும் ஒரு பாட்டைக் கடல் கடந்து தமிழ்நாட்டுத் தெருக்கள்வரை கொண்டுசென்ற அக்கலைஞருக்குப் ‘பொப்பிசைச் சக்கரவர்த்தி’ என்ற பட்டம் வாய்த்தது. 2018 ஜனவரியில் அவர் சென்னையில் காலமான செய்தியை வெளியிட்ட பத்திரிகைகள் அப்பட்டத்தைப் பெயரின் ஒரு பகுதியாகவே எழுதின. ஜனங்கள் வழங்கிய பட்டத்துக்குப் பதக்கம் இல்லை, பத்திரம் இல்லை. வாய்ச்சொல்லே அதற்குச் சாசனம். இன்று நாம் எடுத்துக்கொள்ளும் கலைஞரின் கதை இதற்கு நேர்மாறானது. பாராட்டு வழங்கும் பெரும் ஸ்தாபனங்கள் எத்தனை உண்டோ அத்தனையும் இவர் பெயரை ஒரு முறையேனும் தம் பட்டியலில் எழுதின. எனினும் அவற்றுட் பலவற்றில் இவர் வாசல்வரை அழைக்கப்பட்டு, வாசலிலேயே நின்று திரும்பினார்.

மாதங்கி அருள்பிரகாசம் என்னும் மாயா, 1975 ஜூலை 18 அன்று லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கும் சில காலம் சென்னையிலுமாக வளர்ந்தவர். ‘அருளர்’ என்ற புனைபெயரால் அறியப்பட்ட தந்தை அருள்பிரகாசம், பொறியியல் கற்றவர். ஈழப் புரட்சிகர மாணவர் அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவர். வீட்டுக்கு எப்போதாவது வந்துபோன மனிதர். தாய் கலா, மூன்று குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு 1986இல் அகதியாக லண்டன் சேர்ந்தபோது மாயாவுக்குப் பதினொரு வயது நிறையும் தறுவாய். ஆங்கிலம் பேசத் தெரியாத அத்தாய்க்குக் கிடைத்த உத்தியோகம், வாயைத் திறக்காமல் கையால் மட்டும் செய்யக்கூடிய ஊசி வேலை. இந்த ஊசியை வாசகர் மறவாதிருக்க வேண்டுகிறேன். நாம் மீண்டும் இதனிடம் வருவோம்.

மேடைக்கென்று மாயா தெரிந்துகொண்ட பெயர் எம்.ஐ.ஏ. என்னும் மூன்றெழுத்து. போர்க்களத்தில் காணாமற் போனவர் என்பதைக் குறிக்கும் இராணுவச் சுருக்கெழுத்து அது. லண்டனில் அவர் வாழ்ந்த அக்டன் என்னும் பகுதியின் பெயரோடு சிலேடையாகவும் அமைந்தது. ஊரிலே காணாமற் போன உறவினர் ஒருவரின் நினைவும் அதனுள் இருந்தது. தம்மைக் ‘காணாமற் போனவள்’ என்று அறிவித்துக்கொண்ட ஒருவரை உலகத்தின் பெயர்ப்பட்டியல்கள் விடாது தேடிவந்த விசித்திரமே இவ்வத்தியாயத்தின் பொருள்.

பட்டியல்களுக்குள் நுழையுமுன் ‘விருது’ என்ற சொல்லின்மீது சற்றுத் தங்குதல் நலம். இன்று அது பரிசு என்ற அளவிலே வழங்கினும், பழைய வழக்கில் வெற்றிச் சின்னம், பட்டம், கொடி ஆகிய பொருள்களெல்லாம் அதற்குண்டு. பாணனுக்குப் பொற்றாமரையும் விறலிக்குப் பொன்னணியும் சூட்டிய மரபு நம்முடையது. சிலப்பதிகாரத்து மாதவி பன்னிரண்டாம் வயதில் அரங்கேறி, சோழ மன்னனிடமிருந்து பச்சைமாலையும் தலைக்கோலிப் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள். அந்தத் தலைக்கோல் எதனால் ஆனது என்பதை இளங்கோவடிகள் மறவாமல் சொல்லுகிறார்: போரிலே தோற்றோடிய பகைமன்னனது வெண்கொற்றக் குடையின் காம்பை எடுத்து, கணுக்கள்தோறும் மணி பதித்து, பொன் தகட்டால் போர்த்திச் செய்த கோல் அது. கலைக்குத் தரும் கௌரவத்தினுள்ளே ஓர் அரசின் வெற்றியும் மற்றோர் அரசின் வீழ்ச்சியும் மறைந்திருக்கக்கூடும் என்பதைப் புகார் நகரத்தார் அறிந்திருந்தனர். அக்காம்பில் மணி பதித்த கம்மியன் யார் என்பதைக் காப்பியம் சொல்லவில்லை.

மாயாவுக்கு முதன்முதலிற் கிடைத்த அங்கீகாரம் இசைக்கானது அன்று. லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் கவின்கலையும் திரைப்படமும் பயின்ற அவர், யாழ்ப்பாணத்து யுத்தக் காட்சிகளை அச்சுவெட்டு முறையில் பளிச்சிடும் வர்ணங்களால் தீட்டிய ஓவியங்களை 2001இல் காட்சிக்கு வைத்தார். அவை மாற்று டர்னர் பரிசுக்குரிய பட்டியலில் இடம்பெற்றன. எலாஸ்டிகா என்னும் இசைக்குழுவின் பயணத்தைப் படம்பிடிக்கச் சென்றவிடத்தில், தாளம் அமைக்கும் சிறிய மின்கருவி ஒன்றை இயக்கப் பழகி, தாமே பாட்டுக் கட்டலானார். அவ்வாறு பிறந்த ‘கலாங்’ என்ற பாட்டு 2003இல் ஐந்நூறே இசைத்தட்டுகளாக வெளிவந்து, கைக்குக் கை மாறி, அவரைப் பெரிய நிறுவனமொன்றின் வாசலில் கொண்டுபோய் நிறுத்திற்று.

2005இல் வெளிவந்த முதல் இசைத்தொகுப்புக்கு ‘அருளர்’ என்று தந்தையின் பெயரைச் சூட்டினார். இல்லாத தந்தையைப் பெயரால் அழைத்துப் பார்க்கும் மகளின் உபாயமாகவே அது எனக்குத் தோன்றுகிறது. ஆண்டின் சிறந்த பிரித்தானிய இசைத்தொகுப்புக்கு வழங்கப்படும் மேர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் அது இடம்பெற்றது. பரிசு அன்டனி அன்ட் த ஜோன்சன்ஸ் என்ற குழுவினருக்குப் போயிற்று. எனினும் ‘அருளர்’ என்னும் தமிழ்ச் சொல் ஆங்கிலேயரின் நாவில் இடறி விழுந்து எழுந்து பழகியது, பரிசைக் காட்டிலும் சிறிய காரியம் என்று நான் கருதவில்லை.

அமெரிக்காவுக்குள் நுழைவதற்கான விசா 2006இல் தடைப்படவே, அங்கே ஒலிப்பதிவு செய்ய எண்ணியிருந்த இரண்டாம் தொகுப்பை அவர் ஊர் ஊராக அலைந்து செய்தார். இந்தியாவும் லைபீரியாவும் ட்ரினிடாட்டும் ஆஸ்திரேலியாவும் அந்த அலைச்சலில் அடங்கும். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மானின் ஒலிப்பதிவுக்கூடத்தைப் பயன்படுத்திக்கொண்டு, தமிழ்நாட்டு உறுமிக்காரர்களை வரவழைத்து வாசிக்கச் செய்தார். உறுமியின் தோலில் வளைகோல் உராயும்போது எழுகின்ற அந்த முனகல், ‘பேர்ட் ஃப்ளூ’ என்ற பாட்டின் வழியாக மேலை நாட்டு நடனக் கூடங்களில் முழங்கிற்று. கிராமத் தெய்வத்தின் முன்றிலுக்கும் சாவு வீட்டு வாசலுக்கும் உரியதென்று சபாக்கள் ஒதுக்கிவைத்த வாத்தியம், சபாக்களின் அனுமதியைக் கேளாமலே உலகம் சுற்றிவிட்டது. 2007இல் வந்த இத்தொகுப்புக்கு அவர் சூட்டிய பெயர் ‘கலா’. தந்தை பெயர் அரசியலைக் குறித்ததென்றால், தாய் பெயர் உழைப்பைக் குறித்தது என்று கொள்ளலாம். அமெரிக்க இசையுலகில் பெரு மதிப்புள்ள ‘ரோலிங் ஸ்டோன்’ சஞ்சிகை அவ்வாண்டின் தலைசிறந்த தொகுப்பாக இதனையே முதலிடத்தில் வைத்தது.

அத்தொகுப்பிலுள்ள ‘பேப்பர் பிளேன்ஸ்’ என்ற பாட்டு, குடியேறி வந்தவர் எல்லாரும் பணம் பறிக்க வந்தவரே என்று எண்ணும் மனோபாவத்தைக் கேலி செய்வது. விசாவுக்காகக் காத்திருந்த எரிச்சலிலே பிறந்த இப்பாட்டு, ஒரு திரைப்படத்தின் முன்னோட்டக் காட்சியில் ஒலித்ததன் பின்னர் ஜனங்களைப் பற்றிக்கொண்டு, 2008இல் அமெரிக்கப் பில்போர்ட் பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறிற்று. கதவடைத்த தேசமே கதவைப் பற்றிய பாட்டை வாங்கிக் கேட்டது.

இனி 2009 பெப்ரவரிக்கு வருவோம். ஒரு கலைஞரின் வாழ்வில் இத்தனை நிகழ்ச்சிகளை ஒரே மாதத்தில் அடுக்கி ஒரு நாவலாசிரியன் எழுதினால், மிகைப்படுத்திவிட்டான் என்று விமரிசகர்கள் குறை கூறுவார்கள். அம்மாதம் 8ஆம் தேதி லொஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்த 51ஆவது கிராமி விழாவில், ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவு என்னும் பிரதான விருதுக்கு ‘பேப்பர் பிளேன்ஸ்’ பரிந்துரைக்கப்பட்டிருந்தது. மருத்துவர் குறித்துக் கொடுத்த பிரசவ நாளும் அன்றுதான். நிறைமாத வயிற்றோடு, கறுப்பும் வெள்ளையுமான உடையணிந்து, ஜே-ஸீ, டி.ஐ., கன்யே வெஸ்ட், லில் வெய்ன் என்னும் நான்கு புகழ்பெற்ற ராப் கலைஞர்களுக்கு நடுவே அவர் மேடையேறிப் பாடினார். அவர்கள் பாடிய பாட்டோ ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டிலுள்ள மாயாவின் ஓர் அடியை எடுத்து, அதன்மேல் கட்டப்பட்டது. அன்றைய தினம் மாயாவின் பாட்டுக்கு விருது கிடைக்கவில்லை. அது ரொபர்ட் பிளான்ட், அலிசன் க்ரௌஸ் இருவருக்கும் சென்றது. அவர் குரலை அஸ்திவாரமாகக் கொண்ட பாட்டுக்கு ராப் பிரிவில் விருது கிடைத்தது, பெற்றுக்கொண்டவர்கள் அந்நால்வர். அஸ்திவாரத்துக்குப் பூமாலை சாத்தும் வழக்கம் உலகத்தில் எங்கும் இல்லை போலும்.

மூன்று நாள் கழித்து ஆண் குழந்தை பிறந்தது. 18ஆம் தேதி லண்டனில் நடந்த பிரிட் விருது விழாவில், சிறந்த பிரித்தானியத் தனிப் பாடகிக்குரிய பட்டியலில் மாயாவின் பெயரும் இருந்தது; விருதைப் பெற்றவர் டஃபி. 22ஆம் தேதி ஒஸ்கார் விழா. ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ படத்தில் ரஹ்மானும் மாயாவும் சேர்ந்து ஆக்கிய ‘ஓ... ஸாயா’ என்ற பாடல், சிறந்த மூலப் பாடலுக்கான இறுதி மூன்றனுள் ஒன்றாக நின்றது. அதே படத்தின் ‘ஜெய் ஹோ’வும் அம்மூன்றனுள் ஒன்று. பிரசவித்துப் பதினொரு நாளே ஆன மாயா மேடைக்கு வரவில்லை, ரஹ்மானே பாடினார். ‘ஜெய் ஹோ’ வென்றது. சிறந்த இசைக்கும் சிறந்த பாடலுக்குமாக இரண்டு சிலைகளைக் கையிலேந்திய ரஹ்மான், தாயைப் பற்றிய பழைய ஹிந்தித் திரைவசனம் ஒன்றை நினைவுபடுத்தித் தம் தாய் அவ்விடத்தில் இருப்பதைச் சொல்லி மகிழ்ந்து, “எல்லாப் புகழும் இறைவனுக்கே” என்று தமிழில் கூறி முடித்ததை நம்மில் பலர் தொலைக்காட்சியிற் கண்டு கண் கலங்கியிருக்கிறோம். அந்தக் கண்ணீருக்கிடையே ஒரு நுட்பத்தைக் கவனிக்கத் தவறினோம். மேடையில் மூன்றெழுத்துக்குள் ஒளிந்திருந்த கலைஞரை, அந்த ஒஸ்கார் பட்டியல் மாயா அருள்பிரகாசம் என்று தகப்பன் பெயரோடு முழுமையாக எழுதியிருந்தது.

அவ்வாண்டிலேயே ‘டைம்’ சஞ்சிகை உலகில் செல்வாக்கு மிகுந்த நூறு பேர் பட்டியலில் அவரைச் சேர்த்தது. அதே ஆண்டு மே மாதத்தில்தான் வன்னியில் யுத்தம் முடிவுக்கு வந்தது. தம்மீது விழுந்த வெளிச்சத்தை அப்படியே வன்னியின் பக்கம் திருப்பிவிட அவர் முயன்றார். பேட்டி கேட்டவரிடமெல்லாம் பாட்டைப் பற்றிப் பேசாமல் அங்கே அகப்பட்டிருந்த சனங்களைப் பற்றிப் பேசினார். அதனால் நண்பர்களையும் பகைவர்களையும் சம அளவில் சம்பாதித்துக்கொண்டார். அவருடைய அபிப்பிராயங்களோடு உடன்படுவோரும் மாறுபடுவோரும் இத்தொடரின் வாசகர்களுள்ளேயே இருப்பர். எனினும், புகழின் உச்சியில் நிற்கும் ஒருவர், பாராட்டை இழக்கக்கூடும் என்று அறிந்தே வாய் திறந்தார் என்பதைச் சரித்திரம் பதிவு செய்தாக வேண்டும்.

பின்வந்த ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். 2010இல் ‘மாயா’, 2013இல் ‘மாதங்கி’ என்று தொகுப்புகள் அவருடைய சொந்தப் பெயர்களைத் தாங்கி வந்தன. தாய் தந்தையரைப் பாடி முடித்த பின்னரே தம்மைப் பாடத் தொடங்கிய அந்த வரிசைக் கிரமத்தில் நம் மரபின் சாயல் இருக்கிறது. அதனை அவர் அறிந்து செய்தாரோ, இரத்தம் செய்ததோ! 2012இல் அமெரிக்கக் கால்பந்தாட்டப் பெருவிழாவில் மடோனாவுடன் பாடுகையில் ஒளிப்படக்கருவியை நோக்கி நடுவிரலைக் காட்டியது பெரும் வழக்காகி, இரண்டு ஆண்டுகளின் பின் சமாதானத்தில் முடிந்தது. அதே 2012இல், பாலைவனச் சாலையில் மோட்டார் வண்டிகள் இரு சக்கரத்தில் சாய்ந்தோடும் ‘பேட் கேர்ள்ஸ்’ பாட்டின் படம், எம்.டி.வி. விருதுகளில் இயக்கத்துக்கும் ஒளிப்பதிவுக்குமாக இரண்டைப் பெற்றது. கல்லூரித் தோழர் ஸ்டீவ் லவ்ரிட்ஜ் அவர் வாழ்வைப் பற்றி எடுத்த ஆவணப்படம், 2018 சண்டான்ஸ் விழாவில் நடுவர் குழுவின் சிறப்பு விருதைப் பெற்றது. 2020 ஒக்டோபரில், டிராவிஸ் ஸ்கொட்டுடனும் யங் தக்குடனும் பாடிய ‘ஃப்ராஞ்சைஸ்’ பில்போர்ட் பட்டியலில் முதலிடத்தில் வந்து அமர்ந்தது.

இவையாவும் ஒருபுறம் இருக்க, 2019 ஜூனில் மகாராணியாரின் பிறந்தநாள் கௌரவப் பட்டியலில், இசைத் தொண்டுக்காக மாதங்கி அருள்பிரகாசத்துக்கு எம்.பி.ஈ. பட்டம் அறிவிக்கப்பட்டது. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் 1917இல் ஏற்படுத்திய ‘பிரித்தானியப் பேரரசின் விருது வரிசை’யில் அது ஒரு படி. பேரரசு என்ற ஒன்று இன்று இல்லை. அதன் பெயர் மட்டும் பதக்கத்தில் எஞ்சியிருக்கிறது. மாதவியின் தலைக்கோல் தோற்ற அரசனின் குடைக்காம்பால் ஆனது. இங்கேயோ, ஒரு காலத்தில் ஆளப்பட்ட நாட்டின் மகளுக்கு, ஆண்டு மறைந்த சாம்ராஜ்யத்தின் பெயரே கோலாயிற்று. இதனை ஏற்கலாமா, மறுக்கலாமா என்ற விவாதம் அவருடைய அன்பர்களிடையே எழுந்தது இயல்பே. இவ்வரிசையின் பட்டங்களை மறுத்த கவிஞர்களும் கலைஞர்களும் உண்டு.

மாயா ஏற்றுக்கொண்டார், ஏற்றுக்கொண்டதன் காரணத்தையும் மறைக்காமல் சொன்னார். அகதியாக வந்த நாள் முதலாக அவருடைய தாய் கலா, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கையால் தைத்துவந்தவை இந்தப் பதக்கங்களின் நாடாக்களே. இங்கிலாந்தில் இவ்வேலையைக் கையால் செய்த இரண்டு பெண்களுள் அவர் ஒருவர் என்றும், குறைந்த கூலிக்கு ஆயிரக்கணக்கில் தைத்தார் என்றும் மகள் எழுதினார். தம்முடைய சொந்த எண்ணம் எதுவாயினும், தாயின் அந்த உழைப்பைக் கௌரவிக்க இது ஒரு வாய்ப்பு என்றார். சாம்பல் நிறக் கரையிட்ட இளஞ்சிவப்பு நாடா. பெண்களுக்காயின் அது பூவைப்போல் முடிச்சிட்டுத் தைக்கப்படும். எத்தனை பிரபுக்களின், வித்வான்களின், வீரர்களின் மார்பில் அந்த முடிச்சு துலங்கியிருக்கும்! 2020 ஜனவரியில் பக்கிங்ஹாம் அரண்மனையில் இளவரசர் வில்லியம் அதனை மாயாவுக்கு அணிவித்தார். அன்று அரண்மனைக்கு வந்தது மகள் மாத்திரம் அன்று. பின்வாசல் வழியாகப் பல்லாண்டு காலம் உள்ளே சென்றுகொண்டிருந்த ஓர் ஊசி, அன்றைக்கு முன்வாசலால் நுழைந்தது.

சங்கீத விமரிசகன் ஒருவன், மாயாவின் கௌரவங்களுள் மிகச் சிறியதாக இதனையே மதிப்பிடக்கூடும். ஒஸ்கார் பட்டியலுக்கும் ‘ரோலிங் ஸ்டோன்’ முதலிடத்துக்கும் முன்னே ஓர் எம்.பி.ஈ. எம்மாத்திரம் என்று கேட்கவும் கூடும். இத்தொடரை எழுதுபவனோ சரித்திரத்தின் பக்கம் நிற்பவன். ஏனைய விருதுகள் அவர் பாடியதற்கு மதிப்பளித்தன. இதுவொன்றே அவர் பாடுவதற்குச் சோறு போட்ட கையைச் சென்று தொட்டது.

நான் இதனை எழுதிக்கொண்டிருக்கும் அலுவிகாரையும் ஊசிக்கு அந்நியமான ஊர் அன்று. இவ்வூரின் பிரபல குடும்பமொன்றில் 1922இல் பிறந்து, பத்திக் கலையைப் புத்துயிர்ப்பித்துப் புகழடைந்த ஏனா டி சில்வா, தம் பிற்கால வாழ்வை இங்கேயே கழித்து, கிராமத்துப் பெண்களுக்குப் பத்திக்கும் பூந்தையலும் பயிற்றி அவர்களுடைய ஜீவனத்துக்கு வழி செய்தார். பென்தோட்டைக் கடற்கரை விடுதியின் புகழ்பெற்ற பத்திக் கூரையைக் காண்போர் அவர் பெயரை நினைவுகூருவர். அவருடைய துணிகளில் மெழுகிட்டும் சாயந்தோய்த்தும் நூலோட்டியும் உழைத்த பெண்களின் பெயரை அறிந்தோர் இப்பக்கத்து அயலவர் மாத்திரமே. இன்னும் பின்னோக்கிப் பார்த்தால், இதே வடபாதையின் வழியாகத்தான், மன்னார்க் கரையில் இறங்கிய நம் மலையக மூதாதையர், நோயிலும் பசியிலும் பலரை வழியிலே பறிகொடுத்து, மாத்தளையை நோக்கிக் கால்நடையாக வந்தனர். அவர்கள் நட்ட செடிகளுக்குக் கணக்கு எழுதப்பட்டது. வழியில் விழுந்தவர்களுக்கு எழுதப்படவில்லை.

குகைகளுக்கு அருகே, ஏடெழுதும் முறையை வருவோர்க்கு இன்றும் செய்து காட்டுகிறார்கள். பதப்படுத்திய தாளிப்பனை ஓலையின்மேல் எழுத்தாணி ஓடுகிறது. ஓடிய இடத்தில் ஒன்றும் தெரிவதில்லை. வெறும் ஓலையைக் கையில் தருகிறாரோ என்று நாம் ஐயுறும் சமயத்தில், எழுதியவர் கரிமையை எண்ணெயோடு குழைத்து ஓலை முழுவதும் பூசி, பின் துணியால் அழுந்தத் துடைக்கிறார். மேற்பரப்பின் கறுப்பு நீங்க, கீறலுக்குள் புகுந்த கறுப்பு மட்டும் நிற்க, எழுத்து கண்ணுக்குப் புலனாகிறது. எழுத்தைப் படைத்தது மை அன்று. ஆணி அதனை முன்னரே வெட்டி வைத்திருந்தது. லண்டனில் ஒரு தாயின் ஊசி முப்பது வருஷம் ஓடிய கீறலின்மீது, ஒரு ஜனவரி மாதத்துக் காலைப்பொழுதில் அந்த மை பூசப்பட்டது.

நேற்று என்னுடன் குகைகளைப் பார்க்க வந்த ஒரு சிறுமிக்கு, ஏடெழுதிக் காட்டிய முதியவர் ஓலை நறுக்கில் ஏதேனும் எழுதித் தருவதாகச் சொன்னார். தன் பெயரைச் சொல்லுவாள் என்று நான் எதிர்பார்த்திருக்க, அவள் சிறிது யோசித்துத் தன் தாயின் பெயரைச் சொன்னாள்.

சென்னை ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒலித்த உறுமி, எந்தெந்த ஊர்க் கோயில் வாசல்களைக் கடந்து அங்கே வந்து சேர்ந்தது என்பதை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.

(தொடரும்)